‘வெறும் நீராவிதான்’ என்னும் கதை

இ-சிகரெட் பற்றிய பேச்சு எங்கே எழுந்தாலும், ‘அதில் புகையே கிடையாது, வருவது வெறும் நீராவிதான்’ என்ற ஒற்றை வரியில் அந்தப் பேச்சு முடித்துவைக்கப்படுகிறது. சென்னையில் சொன்னாலும், செஞ்சியில் சொன்னாலும், பனமலைப்பேட்டையில் சொன்னாலும் வரி ஒன்றுதான். அது தவறு என்பதும் எங்கும் ஒன்றுதான். (இட்லிப் பானையைத் திறந்தால் முகத்தில் அடிப்பதுதான் நீராவி. இ-சிகரெட்டிலிருந்து வருவதிலும் கொஞ்சம் நீர் இருக்கலாம்; ஆனால் அங்கே அது வீட்டுக்காரர் அல்ல, விருந்தாளி.) எரிச்சலூட்டுவது அந்த வரியின் அறியாமைகூட அன்று, அது சொல்லப்படும் விதத்தில் இருக்கும் அசாத்திய உறுதிதான். ஆகவே அந்தக் கருவிக்குள் என்ன போகிறது, வெளியே என்ன வருகிறது, இடையில் என்ன நடக்கிறது என்பதைச் சற்று நிதானமாகப் பார்ப்பது தேவையாகிறது.

கருவியின் அமைப்பு மிக எளியது. ஒரு லித்தியம் பேட்டரி, அதிலிருந்து வரும் மின்சாரத்தால் சூடேறும் ‘காயில்’ எனப்படும் மெல்லிய கம்பிச் சுருள், அந்தச் சுருளுக்குத் திரவத்தை உறிஞ்சிக் கொடுக்கும் பஞ்சுத் திரி, திரவம் நிறைந்த சிறு கலன், வாயில் வைக்கும் முனை என இவ்வளவுதான் அதன் உள்ளடக்கம். (1960களிலேயே அமெரிக்கரான ஹெர்பர்ட் கில்பர்ட் புகையிலையை எரிக்காத சிகரெட் ஒன்றுக்குக் காப்புரிமை பெற்றுவிட்டார், அன்று அதை யாரும் சீந்தவில்லை. இன்றைய கருவி, சீனத்து மருந்தாளுநர் ஹான் லிக் 2003ஆம் ஆண்டு உருவாக்கியதன் வழிவந்தது.) பேனா போலவும் பென் டிரைவ் போலவும் ஹைலைட்டர் போலவும் அது பல வேடங்களில் வருவதால், பிள்ளைகளின் பையில் கிடந்தாலும் பெற்றோரின் கண்ணுக்கு அது எழுதுபொருளாகவே தெரிகிறது.

கலனிலுள்ள திரவத்தில் பெரும்பகுதி இரண்டே பொருள்கள். ஒன்று, மருந்துகளிலும் உணவுத் தயாரிப்பிலும் கரைப்பானாகப் பயன்படும் புரோப்பிலீன் கிளைக்கால். மற்றொன்று, இருமல் மருந்து முதல் சோப்பு வரை எங்கும் காணப்படும் கிளிசரின். இவற்றோடு நிக்கோட்டினும் மணமூட்டிகளும் சேர்கின்றன. புரோப்பிலீன் கிளைக்கால் ஏறத்தாழ 188 டிகிரி செல்சியஸிலும் கிளிசரின் ஏறத்தாழ 290 டிகிரியிலும் கொதிப்பவை என்பதை நினைவில் வைத்தால், இவற்றை ஆவியாக்க அந்தச் சின்னஞ்சிறு சுருள் எவ்வளவு சூடேற வேண்டியிருக்கிறது என்பது விளங்கும். சூடேறிய சுருளிலிருந்து கிளம்பும் ஆவி, வாயை நோக்கி இழுபடும் குளிர்ந்த காற்றில் மீண்டும் சுருங்கி, தனித்தனியே கண்ணுக்குத் தெரியாத எண்ணற்ற நுண்துளிகளாகிவிடுகிறது. காற்றில் மிதக்கும் இத்தகைய துளிக்கூட்டத்தை வேதியியலார் ஏரோசால் என்பர். துளிகளில் மிகப் பெரும்பாலானவை ஒரு மைக்ரோமீட்டரைவிட, அதாவது ஒரு மில்லிமீட்டரின் ஆயிரத்தில் ஒரு பங்கைவிடச் சிறியவை என்பதால், அவை தொண்டையோடு நின்றுவிடாமல் நுரையீரலின் ஆழத்திலுள்ள காற்றறைகள் வரை செல்கின்றன.

இதுவரை சொன்னது வெறும் உருமாற்றம். அதோடு நின்றிருந்தால் உள்ளே போன திரவந்தான் வெளியேயும் வந்திருக்கும். ஆனால் வெப்பம் பொருளை ஆவியாக்குவதோடு உடைக்கவும் செய்கிறது.

அடுப்பில் எண்ணெய் காய்ந்து புகையத் தொடங்கும்போது கண்ணைக் கரிக்கவும் தொண்டையைக் கமறவும் வைக்கும் நெடியைத் தமிழ்நாட்டுச் சமையலறைகளுக்கு அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. அந்த நெடிக்கு முக்கியக் காரணம் அக்ரோலீன் என்னும் வேதிப்பொருள்; எண்ணெயிலுள்ள கொழுப்பு வெப்பத்தால் சிதைந்து கிளிசராலாகி, அந்தக் கிளிசராலின் ஒவ்வொரு மூலக்கூறும் இரண்டு நீர் மூலக்கூறுகளை இழக்கும்போது அக்ரோலீன் பிறக்கிறது. இ-சிகரெட்டின் திரவத்திலோ கிளிசரின் நேரடியாகவே இருக்கிறது என்பதால், சுருள் அளவுக்கு மேல் சூடேறும்போது அங்கேயும் அதே வேதிவினை நடக்கிறது. சமையலறையில் அந்த நெடி வந்தால் யாரும் அதை ஆழ இழுத்து நெஞ்சில் நிறுத்துவதில்லை. சன்னலைத் திறந்துவிட்டு அடுப்பைக் குறைக்கிறார்கள். புரோப்பிலீன் கிளைக்காலும் இதே வெப்பத்தில் சிதைந்து ஃபார்மால்டிஹைடு, அசிட்டால்டிஹைடு ஆகியவற்றைத் தருகிறது. இம்மூன்றும் கார்போனைல்கள் எனப்படும் சேர்மக் குடும்பத்தைச் சேர்ந்தவை. உலகச் சுகாதார நிறுவனத்தின் கீழ் இயங்கும் பன்னாட்டுப் புற்றுநோய் ஆய்வு முகமை, ஃபார்மால்டிஹைடை மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்குவது உறுதியான முதல் தொகுதியில் வைத்திருக்கிறது.

இவற்றை எப்படி அளக்கிறார்கள் என்பதில்தான் இந்தத் துறையின் சுவையே இருக்கிறது, சண்டையும் இருக்கிறது. மனிதருக்குப் பதிலாக ஓர் இயந்திரம் இழுக்கிறது: ஒவ்வொரு இழுப்புக்கும் 55 மில்லி லிட்டர், இழுப்பின் நேரம் 3 நொடி, இரண்டு இழுப்புகளுக்கிடையே 30 நொடி என்பது இ-சிகரெட்டுக்குப் பரவலாகப் பின்பற்றப்படும் முறை. வெளிவரும் ஏரோசால், கார்போனைல்களோடு வினைபுரியும் டி.என்.பி.எச் என்ற பொருள் பூசப்பட்ட சிறு குழாயின் வழியே செலுத்தப்படுகிறது. மாட்டிக்கொண்ட கார்போனைல்கள் மஞ்சள் நிறச் சேர்மங்களாக மாறிவிட, அவற்றைக் கரைத்தெடுத்து நிறப்பிரிகைக் கருவியில் ஒவ்வொன்றாகப் பிரித்து அளக்கிறார்கள். முறை தெளிவானதுதான். ஆனால் பேட்டரியை எத்தனை வோல்ட்டில் வைப்பது, சுருள் புதியதா பழையதா, திரியில் திரவம் போதுமான அளவு ஊறியிருந்ததா என்ற கேள்விகளுக்கு விடை மாறினால், அளவும் தலைகீழாக மாறிவிடுகிறது.

2015ஆம் ஆண்டு ஜனவரியில் அமெரிக்காவின் போர்ட்லேண்ட் மாநிலப் பல்கலைக்கழகத்து ஆய்வாளர்கள், நியூ இங்கிலாந்து மருத்துவ ஆய்விதழில் ஒரு சிறு கடிதம் வெளியிட்டார்கள். 3.3 வோல்ட்டில் இயக்கியபோது அவர்கள் தேடிய, ஃபார்மால்டிஹைடை வெளிவிடும் சேர்மங்கள் தென்படவேயில்லை. 5 வோல்ட்டுக்கு உயர்த்தியபோது பத்து இழுப்புகளில் சராசரியாக 380 மைக்ரோகிராம் கிடைத்தது. (ஒரு மைக்ரோகிராம் என்பது ஒரு கிராமின் பத்து லட்சத்தில் ஒரு பங்கு.) அந்தக் கணக்கை விரித்து, உயர் வோல்ட்டில் நாளொன்றுக்கு 3 மில்லி லிட்டர் திரவத்தைக் காலி செய்பவர் சுமார் 14 மில்லிகிராம் ஃபார்மால்டிஹைடை உள்ளிழுக்க நேரும் என்றும், இருபது சிகரெட் பிடிப்பவருக்கோ அது சுமார் 3 மில்லிகிராம்தான் என்றும் அவர்கள் எழுதியதும், உலகெங்கும் நாளிதழ்கள் அதைத் தலைப்புச் செய்தியாக்கின.

உடனே எதிர்வாதம் வந்தது. கிரேக்க நாட்டு இதய மருத்துவரான கான்ஸ்டான்டினோஸ் ஃபார்சலினோஸும் அவருடைய குழுவினரும், அதே ஆண்டில் வெளியிட்ட ஆய்வில், ஃபார்மால்டிஹைடு போன்ற ஆல்டிஹைடுகள் பெருகுவது ‘வறண்ட இழுப்பு’ நிலையில்தான் என்று வாதிட்டார்கள். திரி திரவத்தை உறிஞ்சித் தருவதைவிட வேகமாகச் சுருள் அதை ஆவியாக்கிவிட்டால், காய்ந்த திரி கருகி, தீய்ந்த சுவை நாக்கில் அடிக்கும். அனுபவமுள்ள பயன்பாட்டாளர் எவரும் அந்தச் சுவையைத் தாங்கிக்கொண்டு அடுத்த இழுப்பு இழுக்க மாட்டார், இயந்திரத்துக்கு நாக்கு இல்லாததால் அது இழுத்துக்கொண்டே இருக்கிறது என்பது அவர்கள் வாதத்தின் சாரம். நியாயமான வாதம். வற்றிய பாத்திரத்தை அடுப்பில் வைத்து அளந்துவிட்டுச் சமையலே நஞ்சு என்று அறிவிப்பது முறையாகாது.

ஆனாலும் கதை அங்கே முடியவில்லை. அடுத்த ஆண்டு லாரன்ஸ் பெர்க்லி தேசிய ஆய்வகத்தார் வேறொரு பக்கத்திலிருந்து அணுகி, ஒரே கருவியைத் தொடர்ந்து இயக்கி, முதல் இழுப்புகளில் வருவதையும் சுருள் நிலையான வெப்பத்தை எட்டிய பின் வருவதையும் தனித்தனியே அளந்தார்கள். 3.8 வோல்ட்டில் இயங்கிய ஒற்றைச் சுருள் கருவியில், தொடக்கத்தில் இழுப்புக்கு அரை மைக்ரோகிராமுக்கும் குறைவாக இருந்த அக்ரோலீன், இருபது இழுப்புகளுக்குப் பின் எட்டு மைக்ரோகிராமைத் தாண்டிவிட்டது. கழுவாமல் திரும்பத் திரும்பப் பயன்படுத்திய சுருளில் திரவத்தின் எச்சம் கருகிப் படிந்து, அந்தப் படிவே அடுத்தடுத்த சூட்டில் சிதைந்து உமிழ்வைக் கூட்டியது. புரோப்பிலீன் ஆக்சைடு, கிளைசிடால் என்ற இரண்டு பொருள்களும் அவர்கள் ஆய்வில் முதன்முறையாகத் தென்பட்டன. வறண்ட இழுப்பாக இல்லாவிட்டாலும், நாவுக்குத் தீய்ந்த சுவை தெரியாவிட்டாலும், உமிழ்வு மாறிக்கொண்டே இருக்கிறது என்பதே இந்த ஆய்வு உணர்த்தியது. ஆக, ‘இ-சிகரெட்டில் எவ்வளவு ஃபார்மால்டிஹைடு இருக்கிறது’ என்ற கேள்விக்கு ஒற்றை விடை கிடையாது. எந்தக் கருவி, எந்தச் சுருள், எத்தனையாவது இழுப்பு என்று கேட்டால்தான் விடை உண்டு.

அடுத்தது உலோகம். சுருள் பெரும்பாலும் நிக்கல்-குரோமியம் கலந்த நிக்ரோமாலோ, இரும்பு-குரோமியம்-அலுமினியம் கலந்த காந்தாலாலோ செய்யப்படுகிறது. 2018ஆம் ஆண்டு ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தார், 56 பயன்பாட்டாளர்கள் அன்றாடம் பயன்படுத்திவந்த கருவிகளையே வாங்கிச் சோதித்து, புட்டியிலிருந்த திரவத்தையும், அதே திரவம் கருவிக்குள் சூடாகி வந்த ஏரோசாலையும் ஒப்பிட்டார்கள். புட்டியில் மிகக் குறைவாக இருந்த ஈயம், ஏரோசாலில் 25 மடங்குக்கு மேல் உயர்ந்திருந்தது. நிக்கல், குரோமியம், துத்தநாகம் ஆகியவையும் கூடியிருந்தன. திரவத்தில் இல்லாத இந்தக் கூடுதல் எங்கிருந்து வந்திருக்கும் என்றால், சூடேறும் சுருளிலிருந்தும் அதைச் சூழ்ந்த பாகங்களிலிருந்தும்தான். புட்டியின் மேலே ஒட்டிய சீட்டு முழு உண்மையைச் சொன்னாலும், அது பாதி உண்மையாகவே நின்றுவிடுவதற்கு இதைவிட நல்ல சான்று வேண்டியதில்லை.

மணமூட்டிகளின் கதை வேறு வகை. மாம்பழம், தர்பூசணி, புதினா, ஏன், பான் மசாலா மணத்தில்கூட வரும் இத்திரவங்களை நியாயப்படுத்துவோர், ‘இவை யாவும் உணவில் சேர்க்க அனுமதிக்கப்பட்டவையே’ என்பார்கள். உண்மைதான், ஆனால் அந்த அனுமதி வயிற்றுக்கு வழங்கப்பட்டது, நுரையீரலுக்கு அன்று. வெண்ணெய் மணம் தரும் டைஅசிட்டில் என்ற பொருள் இதற்குப் பழைய எடுத்துக்காட்டு: 2000ஆம் ஆண்டு அமெரிக்காவின் மிசூரி மாநிலத்தில், மைக்ரோவேவ் பாப்கார்ன் தயாரிக்கும் ஆலை ஒன்றில் வேலைசெய்து, அந்த மணத்தைச் சுவாசித்துவந்த தொழிலாளர்களுக்கு நுண்ணிய மூச்சுக்குழல்கள் தழும்பேறி அடைபடும் மீளமுடியாத நோய் கண்டறியப்பட்டது, ‘பாப்கார்ன் நுரையீரல்’ என்ற பெயர் அங்கிருந்து வந்ததுதான். கேடு வந்தது அந்த மணத்தைச் சுவாசித்ததால், தின்றதால் அன்று. ஹார்வர்டு பல்கலைக்கழகத்தார் பின்னாளில் 51 வகை மணமூட்டிய இ-சிகரெட் திரவங்களைச் சோதித்தபோது 39இல் டைஅசிட்டில் இருந்தது. (நேர்மையாகச் சொல்வதானால், இ-சிகரெட்டால் மட்டுமே பாப்கார்ன் நுரையீரல் பெருமளவில் வந்ததாக நிறுவப்படவில்லை, வாட்ஸப் வீடியோக்கள் சொல்லும் அளவுக்கு அறிவியல் இன்னும் சொல்லவில்லை.)

கலப்படம் சேர்ந்தால் என்ன ஆகும் என்பதை 2019ஆம் ஆண்டு அமெரிக்கா கண்டது. நல்ல உடல்நிலையிலிருந்த இளைஞர்கள் திடீரென மூச்சுத்திணறலோடு மருத்துவமனைகளுக்கு வரத் தொடங்கினார்கள். 2020 பிப்ரவரி வரை 2,807 பேர் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டதாகவோ இறந்ததாகவோ பதிவாயிற்று, அவர்களுள் 68 பேரின் உயிரிழப்பு உறுதிசெய்யப்பட்டது. பெரும்பாலோர் கஞ்சாவின் போதைப்பொருளான டி.எச்.சி. கலந்த, முறைசாரா வழிகளில் வாங்கிய திரவத்தைப் பயன்படுத்தியவர்கள். அதைக் கெட்டியாகக் காட்டுவதற்காகச் சேர்க்கப்பட்ட வைட்டமின் ஈ அசிட்டேட் என்ற எண்ணெய்ப் பொருள், சோதிக்கப்பட்ட 51 நோயாளிகளில் 48 பேரின் நுரையீரல் நீரில் காணப்பட்டது. வைட்டமின் என்ற பெயரைக் கேட்டு யாரும் பயப்பட மாட்டார்கள். தோலில் பூசும் களிம்பிலும் அது இருக்கிறது. நஞ்சா மருந்தா என்பதை அது எந்த வழியாக உடலுக்குள் போகிறது என்பதும் முடிவுசெய்கிறது.

இத்தனையும் சொன்ன பிறகு, மறுபக்கத்தையும் சொல்லாவிட்டால் அது பிரச்சாரமாகிவிடும். சிகரெட்டும் பீடியும் எரிகின்றன. எரிதலால் தாரும் கார்பன் மோனாக்சைடும் ஏழாயிரத்துக்கு மேற்பட்ட வேதிப்பொருள்களும் வெளிவருகின்றன. அவற்றுள் சுமார் எழுபது புற்றுநோய் உண்டாக்குபவை. 2014ஆம் ஆண்டு மாசியேய் கோனியெவிச் என்ற ஆய்வாளரின் தலைமையில் 12 வகை இ-சிகரெட்டுகளைச் சோதித்த குழு, தேடிய நச்சுப்பொருள்களின் அளவு சிகரெட் புகையிலுள்ளதைவிட 9 முதல் 450 மடங்கு வரை குறைவு என்று கண்டது. இங்கிலாந்தின் பொதுச் சுகாதாரத் துறை 2015இல், சிகரெட்டைவிட இது 95 விழுக்காடு தீங்கு குறைந்தது என்று மதிப்பிட்டதும், அந்த எண்ணின் அடிப்படை பலவீனமானது என்று மருத்துவ இதழ்களிலேயே கடும் எதிர்ப்பு எழுந்ததும் இந்தப் பின்னணியில்தான். எண் எதுவாயினும், பல ஆண்டுகளாகக் கட்டுக் கட்டாகப் புகைத்தவர் முழுமையாக இதற்கு மாறினால் உள்ளிழுக்கும் நச்சு குறையும் என்பதை மறுப்பது கடினம். ஆனால் பனமலையிலோ செஞ்சியிலோ பதினேழு வயதில் மாம்பழ மணத்துக்காக இதைத் தொடங்கும் பிள்ளை, சிகரெட்டிலிருந்து மாறுவதில்லை. தூய காற்றிலிருந்து மாறுகிறது. அந்தப் பிள்ளையின் கணக்கில் ‘குறைவு’ என்ற சொல்லுக்கே இடமில்லை, எல்லாமே கூடுதல்தான்.

பக்கத்தில் இருப்பவர் நிலை என்ன? மூடிய அறையில் இ-சிகரெட் பிடித்தால் காற்றில் நுண்துகளும் நிக்கோட்டினும் கூடுகின்றன என்பதற்குத் தீர்க்கமான சான்று உண்டு என்று அமெரிக்க தேசிய அறிவியல் கழகங்களின் 2018ஆம் ஆண்டு அறிக்கை முடிவுகட்டியது. துளிகள் விரைவில் ஆவியாகிவிடுவதால் மேகம் கலைந்தாற்போலத் தோன்றும். ஆனால் நிக்கோட்டினும் பிறவும் சுவரிலும் துணியிலும் படிகின்றன. இங்கே ஒரு சிறு கிளைக்கதைக்கு வாசகர் இடம்தர வேண்டும். விழுப்புரம் மாவட்டத்துப் பனமலையில், எட்டாம் நூற்றாண்டுத் தொடக்கத்தில் ஆண்ட பல்லவ மன்னன் இராசசிம்மன் எடுப்பித்த தாளகிரீஸ்வரர் கோயிலின் சிற்றாலயம் ஒன்றில், குடையின் கீழ் நின்று சிவனின் நடனத்தைக் காணும் உமையின் ஓவியம் சிதைந்த நிலையிலும் எஞ்சியிருக்கிறது. தமிழகக் கோயில்களின் பழைய ஓவியங்கள் பல, மழைநீராலும் வெள்ளையடிப்பாலும் விளக்குப் புகையாலும் பாழ்பட்டவை. விளக்குப் புகை குறைந்தபட்சம் கரியாகப் படிந்து, ‘இங்கே நான் இருக்கிறேன்’ என்று காட்டிக்கொடுத்துவிடும். இ-சிகரெட்டின் படிவுக்கு நிறம் இல்லை, பெரிதாக மணமும் இல்லை. ஆதலால் அது இல்லை என்றே எண்ணப்படுகிறது. 2025 ஜூலையில் செஞ்சிக் கோட்டை, மராட்டியர் இராணுவ நிலப்பரப்புகளின் ஓர் உறுப்பாக யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்தபின் சுற்றுவட்டாரத்துக்கும் பயணிகள் கூடுதலாக வரக்கூடும். காற்றோட்டமற்ற பழைய கருவறைகளுக்குள் எவ்வகைப் புகைக்கும் இடமில்லை என்பதைக் காவலர் சொல்லித்தான் தெரிய வேண்டும் என்றில்லை.

சட்டத்தைப் பொறுத்தவரை நிலைமை தெளிவானது. தமிழ்நாடு அரசு 2018ஆம் ஆண்டிலேயே இ-சிகரெட்டுக்குத் தடை விதித்தது. 2019ஆம் ஆண்டு மே மாதத்தில் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் குழுமம் முழுத் தடையைப் பரிந்துரைத்தது. அதே ஆண்டு செப்டம்பர் 18ஆம் நாள் மத்திய அரசு அவசரச் சட்டம் பிறப்பிக்க, டிசம்பரில் அது நாடாளுமன்றச் சட்டமாயிற்று. உற்பத்தி, இறக்குமதி, ஏற்றுமதி, விற்பனை, விநியோகம், விளம்பரம் ஆகிய அனைத்தும் குற்றம். முதன்முறை பிடிபட்டால் ஓராண்டு வரை சிறை, அல்லது ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். மறுமுறை என்றால் மூன்றாண்டு வரை சிறையும் ஐந்து லட்சம் வரை அபராதமும். இருப்பு வைப்பதற்கும் ஆறு மாதம் வரை சிறை உண்டு. (இழுப்பவருக்கெனத் தனித் தண்டனைப் பிரிவு அச்சட்டத்தில் இல்லை.) பெட்டிக்கடைகளில் பீடியும் சிகரெட்டும் தாராளமாகத் தொங்கிக்கொண்டிருக்க, குறைந்த நச்சுள்ள பொருளுக்கு மட்டும் முழுத் தடையா என்ற கேள்வியில் நியாயம் இல்லாமல் இல்லை. ஆனால் அதற்கு உரிய விடை பீடியையும் சிகரெட்டையும் இறுக்குவதே தவிர, மூன்றாவதாக ஒன்றுக்குக் கதவைத் திறப்பதன்று. 2016-17 கணக்கெடுப்பின்படி ஏறத்தாழ 26.7 கோடிப் பேர் ஏதோ ஒரு வடிவில் புகையிலையைப் பயன்படுத்தும் நாட்டில் புதிய அடிமைப்பழக்கம் ஒன்று ஆடம்பரமன்று, ஆபத்து.

ஆயினும் தடைக்கு ஒரு பக்கவிளைவு இருக்கிறது. விற்பனையை அனுமதித்த ஐரோப்பிய ஒன்றியத்தில், நிக்கோட்டின் மில்லி லிட்டருக்கு 20 மில்லிகிராமைத் தாண்டக்கூடாது, கலன் 2 மில்லி லிட்டரைத் தாண்டக்கூடாது என்பன போன்ற வரம்புகளும், உமிழ்வை அளந்து அரசுக்கு அறிவிக்க வேண்டிய கடமையும் உண்டு. இங்கே பொருளே சட்டப்படி இல்லாததால், அதற்கான தரமும் இல்லை, சீட்டும் இல்லை, பொறுப்பேற்பவரும் இல்லை. கைமாறி வரும் ஒரு கருவியின் மேல் 5 விழுக்காடு நிக்கோட்டின் என்று அச்சிட்டிருந்தால் அது உண்மையா என்று சொல்ல யாருமில்லை. சுருளின் உலோகம் எது, மணமூட்டி எது என்று கேட்கவும் வழியில்லை. 2019ஆம் ஆண்டு மத்திய அரசு தொடங்கிய தேசியப் புகையிலைச் சோதனைக்கூடங்கள் நொய்டா, மும்பை, குவாஹாத்தி ஆகிய மூன்று ஊர்களில் இருக்கின்றன. விமான நிலையங்களிலும் கடைகளிலும் பறிமுதலாகும் கருவிகளில் ஒரு பகுதியையேனும் அங்கே சோதித்து, எந்தக் கருவி என்ன உமிழ்கிறது என்பதைத் தமிழ் உள்ளிட்ட மொழிகளில் வெளியிட்டால், தடையின் கையில் அறிவும் சேரும். பறிமுதல் செய்து அழிப்பதோடு நிறுத்தினால், ‘வெறும் நீராவிதான்’ என்ற வரிக்குப் பதில்சொல்ல உள்ளூர்ச் சான்று எதுவும் மிஞ்சாது.

வாசகர் செய்யக்கூடியது ஒன்று உண்டு. அடுத்த முறை அந்த வரி காதில் விழும்போது சினந்து பயனில்லை. எந்தக் கருவி, எந்தத் திரவம், எத்தனை வோல்ட், சுருள் மாற்றி எத்தனை நாளாயிற்று என்று மட்டும் கேட்டால் போதும். சொல்பவருக்கே விடை தெரியாத ஒன்றைத்தான் அவர் நெஞ்சுக்குள் இழுத்துக்கொண்டிருக்கிறார் என்பது அவருக்கே விளங்கிவிடும். விட முடியாமல் தவிப்பவர், மத்திய சுகாதார அமைச்சகத்தின் கட்டணமில்லாப் புகையிலை நிறுத்த உதவி எண்ணான 1800-11-2356ஐ அழைக்கலாம்.